‘உங்க சைஸ் இல்லை’ – ரெடிமேட் அளவுகள் யாருடைய உடலை வைத்து வந்தவை?

சென்ற ரமளானின் இரண்டாவது பத்தில் ஒரு தாய் நமக்குப் போன் செய்தார். "ஹஜ்ரத், ஸஹர் சாப்பிடாம நோன்பு வச்சா கூடுமா?" என்று கேட்டார். கூடும், ஆனால் ஸஹர் செய்வது சுன்னத், அதில் பரக்கத் இருக்கிறது, முடிந்தவரை விட வேண்டாம் என்று சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு விஷயத்துக்கு வந்தார்.

கேள்வி அவருக்காக இல்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்காக. பிள்ளை பத்து நாட்களாக ஸஹருக்கு எழுந்திருப்பதில்லை. இஃப்தாரிலும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், அதோடு சரி. நோன்புக் கஞ்சியைத் தொடுவதே இல்லை. பெருநாளைக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், அவள் ஆசையோடு எடுத்த உடையைக் கடையில் வேலை செய்யும் பெண் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இதெல்லாம் உனக்கு வராதுமா, உன் சைஸ் எங்ககிட்ட இல்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். பெருநாளைக்குள் அந்த உடைக்குள் நுழைந்து காட்டுவது என்று பிள்ளை முடிவு செய்துவிட்டாள்.

நோன்பு யாருக்காக வைக்கப்படுகிறது, உடலுக்கு நம் மீது என்ன ஹக் இருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் போனிலேயே பேசினோம். அது நமக்குத் தெரிந்த வேலை. ஆனால் போனை வைப்பதற்கு முன் அந்தத் தாய் இன்னொன்றும் கேட்டார்: "அவ அப்படி ஒண்ணும் பெரிய குண்டு இல்லையே ஹஜ்ரத். அப்புறம் ஏன் கடையில அவ சைஸ் இல்ல?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. நம் மஹல்லாவில் நாற்பது வருடமாகத் தைக்கும் டெய்லர் பாயிடம் கேட்டோம். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் உறவினரிடம் கேட்டோம். கிடைத்ததை வாசித்தோம். அப்படித் தெரிந்துகொண்டதை, நம் பிள்ளைகளோடு துணிக்கடைக்குப் போகும் எல்லாப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

அளவு எடுத்தது யாரை?

துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்த காலத்தில் சைஸ் என்ற பேச்சே கிடையாது. டேப் நம் உடலைச் சுற்றி வந்தது. நோட்டில் நம் பெயருக்குக் கீழே நம் எண்கள் எழுதப்பட்டன. ரெடிமேட் வந்தபோது இது தலைகீழானது. வாங்குபவர் யாரென்று தெரியாமலே துணியை வெட்ட வேண்டும். அதற்கு யாரோ ஒருவருடைய உடலை மனதில் வைத்துத்தானே ஆக வேண்டும்?

ஆண்களுக்கு இதை ராணுவம் செய்துகொடுத்தது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சீருடை தேவைப்பட்டது. அப்போது சேர்ந்த அளவுகளே பிறகு ஆண்களின் ரெடிமேட் உடைக்கு அடிப்படையாயின. பெண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தோராயமாக வெட்டியது. பொருந்தாமல் திரும்பி வந்த உடைகளால் நஷ்டம் பெருகியது.

1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களுக்கு அளவெடுத்தது. விவசாயத் துறைக்கும் பெண்களின் உடைக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்கும் தோன்றியது. வீட்டுப் பொருளாதாரம் என்ற பிரிவு அன்று அந்தத் துறைக்குள் இருந்தது, அதனால்தான். ஒரு பெண்ணுக்கு உடல் எடையையும் சேர்த்து 59 அளவுகள். ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் 1941ல் அதை அறிக்கையாக வெளியிட்டார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் வெள்ளை இனப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். கறுப்பினப் பெண்ணோ, ஆசியப் பெண்ணோ அந்தக் கணக்கில் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து 1958ல் ஓர் அரசுத் தரநிலை பிறந்தது. 8 முதல் 38 வரை எண்கள். ஒவ்வொரு எண்ணிலும் உயரமானவர், நடுத்தர உயரம், குட்டையானவர் என்று மூன்று வகை. ஒவ்வொரு வகையிலும் இடுப்பு சிறுத்தவர், சராசரி, பெருத்தவர் என்று மறுபடி மூன்று. பெண்களின் உடல் ஒரே எண்ணுக்குள் அடங்காது என்பது அந்த ஆய்வாளர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரே உடையை இத்தனை வகையில் எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்? தரநிலை காகிதத்தில் இருந்தது, கடைகள் தம் போக்கில் போயின. 1970ல் திருத்திப் பார்த்தார்கள். 1983ல் அரசு அதைக் கைவிட்டது.

அதற்குப் பிறகு எண்ணுக்கு ஒரு நிலையான பொருளே இல்லாமல் போனது. வாங்குபவர் மனம் குளிர வேண்டும் என்பதற்காக, உடையைப் பெரிதாக்கிவிட்டு எண்ணை மட்டும் சிறிதாகவே வைத்தார்கள். 1958ல் 16 என்று அழைக்கப்பட்ட அளவுதான் ஏறக்குறைய இன்றைய அமெரிக்க 8. எடைக்கல்லில் இப்படிச் செய்தால் அதற்கு வேறு பெயர் சொல்வோம். ஆகவே "எங்க உம்மா காலத்துல எல்லாரும் சின்ன சைஸ் போட்டாங்க" என்பதும், "நான் போன வருஷம் எல், இந்த வருஷம் எக்ஸ்.எல்." என்பதும் உடலைப் பற்றிய செய்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. லேபிள் மாறியிருக்கலாம், கம்பெனி மாறியிருக்கலாம்.

சராசரி உடல் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் நம்மை மிகவும் யோசிக்க வைத்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அது துணிக்கடையில் நடந்ததல்ல, போர் விமானத்தில் நடந்தது.

அமெரிக்க விமானப்படையில் 1940களின் இறுதியில் விபத்துகள் அதிகமாயின. விமானியின் இருக்கையும் கருவிகளும் பழைய சராசரி அளவுப்படி அமைந்தவை. மனிதர்கள் வளர்ந்துவிட்டார்கள், புதிய சராசரியைக் கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, 1950ல் 4,063 விமானிகளுக்கு அளவெடுத்தார்கள். அந்த வேலையில் இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. உயரம், மார்பு, கை நீளம் என்று 10 முக்கிய அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவில் வரும் 30 சதவீதத்தினரைத் தாராளமாகச் சராசரி என்று வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருக்கும் விமானிகள் எத்தனை பேர் என்று எண்ணினார்.

ஒருவர்கூட இல்லை. 4,063 பேரில் பூஜ்யம். பத்து வேண்டாம், கழுத்து, தொடை, மணிக்கட்டு என்று மூன்றை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், மூன்றிலும் சராசரியாக இருந்தவர்கள் மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு.

இத்தனைக்கும் அவர்கள் எல்லாரும் ஆண்கள், இளைஞர்கள், உடல் தகுதி பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். சராசரிக்காக வெட்டிய இருக்கை யாருக்கும் பொருந்தாத இருக்கையாக இருந்தது. பிறகு விமானப்படை விமானிகளை இளைக்கச் சொல்லவில்லை. இருக்கையையும் பெடலையும் ஹெல்மெட் பட்டையையும் ஆளுக்கேற்ப நகர்த்திக்கொள்ளும்படி மாற்றச் சொன்னது.

இதை அந்த பிளஸ் ஒன் பிள்ளையிடம் சொன்னபோதுதான் முதன்முறையாக அவள் குரல் இளகியது. "அப்போ பைலட்டுக்கே சைஸ் இல்லையா ஹஜ்ரத்?" என்றாள்.

விமானிகளுக்கே இப்படி என்றால், பதினாறு வயதுப் பெண்ணும், மூன்று பிள்ளை பெற்றவரும், மாதவிடாய் நின்ற ஐம்பது வயதுக்காரரும் ஒரே எம் சைஸ் உடைக்குள் எப்படிப் பொருந்துவார்கள்? நெஞ்சு 38 இருக்கும் இரண்டு பெண்களுக்கு உயரத்தில் அரை அடி வித்தியாசம் இருக்கலாம். இடுப்பில் ஐந்து அங்குலம் இருக்கலாம்.

கம்பெனிகள் என்ன செய்கின்றன என்பதைத் திருப்பூர் உறவினர் விளக்கினார். முதலில் நடுவிலுள்ள ஒரே ஒரு சைஸுக்கு, பெரும்பாலும் எம் சைஸுக்கு, பேட்டர்ன் போட்டு சாம்பிள் பீஸ் தைப்பார்கள். அதை ஒரு மாடல் போட்டுப் பார்ப்பார். அது சரியாகிவிட்டால் மற்ற சைஸ்களுக்காக யாருக்கும் தனியாக அளவெடுப்பதில்லை. ஒவ்வொரு சைஸுக்கும் சுற்றளவில் இரண்டு அங்குலம், தோளில் கொஞ்சம், நீளத்தில் கொஞ்சம் என்று ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போவார்கள். இதற்குப் பெயர் கிரேடிங். நடு சைஸிலிருந்து தள்ளிப் போகப் போகத் தவறும் பெரிதாகும். உடம்பு பெருக்கும்போது தோள் எலும்பு அதே வேகத்தில் அகலமாவதில்லை. பெரிய சைஸில் நெஞ்சு சரியாக இருக்க, தோள் தொங்குவதும் கழுத்து அகன்று போவதும் இதனால்தான். "சில ஆர்டர்ல பெரிய சைஸை யாரும் போட்டே பார்த்திருக்க மாட்டாங்க பாய்" என்றார் அவர்.

கடைக்காரர் சொல்லும் நியாயம்

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அவர் தரப்பையும் கேட்டோம்.

சுடிதார், குர்தி போன்றவை மொத்த வியாபாரத்தில் செட்டாகத்தான் வருகின்றன. ஒரு டிசைனில் நான்கு பீஸ்: எம், எல், எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் பல இடங்களில் கிடைக்காது. த்ரீ எக்ஸ்.எல். வேண்டுமென்றால் அதற்கென்று தனி செட், தனி டிசைன். அவர் வாங்கி அடுக்கியவற்றில் நடு சைஸ்கள் முதலில் போய்விடும். இரு ஓரங்களிலும் இருப்பவை மீந்துவிடும். பெருநாள் முடிந்து அலமாரியில் கிடக்கும் ஒவ்வொரு பீஸும் அவர் போட்ட முதல்.

தயாரிப்பவருக்கும் கணக்கு உண்டு. உடையின் அடக்க விலையில் பெரும் பங்கு துணிதான். துணியை அடுக்கடுக்காக விரித்து, எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்.எல். ஒன்று என்பதுபோல் ஒரு ரேஷியோ வைத்து, பெரிய துண்டுகளுக்கு நடுவே சின்னத் துண்டுகளைச் செருகி வெட்டுவார்கள். பெரிய சைஸ் கூடும்போது செருக இடம் குறையும், துணி கூடுதலாகும். ஆனால் எல்லா சைஸுக்கும் ஒரே விலை ஒட்டுவதுதான் வழக்கம். ஆகவே லாபம் குறைவான சைஸை ரேஷியோவிலிருந்து முதலில் தூக்கிவிடுகிறார்கள்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கடையின் கம்ப்யூட்டரில் விற்றது மட்டும் பதிவாகும். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் பதிவாவதில்லை. பெரிய சைஸ் வைக்காத கடைக்குப் பெரிய உடம்புக்காரர் இரண்டாம் முறை வரமாட்டார். அவர் வராததைப் பார்த்துக் கடைக்காரர், "நம்ம ஏரியாவுல அந்த சைஸுக்கு ஆளே இல்லை" என்பார். அடுத்த வருடமும் வாங்கமாட்டார். வராதவரை வைத்து ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவாலேயே அவரை வரவிடாமல் செய்வது என்ன வியாபாரம் என்று நமக்குப் புரியவில்லை.

நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறார். லித்துவேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன லீனா பிரையன்ட் என்ற பெண், இளம் வயதில் கணவரை இழந்து, தையல் மெஷினை வைத்துப் பிழைத்தவர். கர்ப்பிணிகள் வெளியே போட்டுச் செல்ல உடை இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் குறைபட, அதைத் தைத்துக்கொடுத்து வியாபாரத்தில் வளர்ந்தார். வங்கிப் படிவத்தில் எழுத்துப் பிழையாகிப் போன ‘லேன் பிரையன்ட்’ என்ற பெயரே கடைக்கும் நிலைத்தது. அவருடைய இரண்டாவது கணவர் ஓர் என்ஜினியர். கடைக்கு வந்த சுமார் 4,500 பெண்களின் அளவுகளையும், ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 2 லட்சம் பெண்களின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்து, பெரிய உடம்புக்கென்றே தனிப் பேட்டர்ன் போட்டார். எம் சைஸை ஊதிப் பெருக்கவில்லை. பிறகு கர்ப்பிணி உடைகளைவிடப் பெரிய சைஸ் உடைகளே அவர்களுக்கு அதிகம் விற்றன. ஆள் இல்லை என்று மற்றவர்கள் சொன்ன இடத்தில்தான் இது நடந்தது.

இன்றைக்கும் அமெரிக்காவில் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. அங்கே சராசரிப் பெண் 16க்கும் 18க்கும் இடைப்பட்ட சைஸ் அணிகிறார் என்று 2016ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பல கடைகளில் 14 அல்லது 16லிருந்தே ‘பிளஸ்’ என்று தனி மூலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதாவது சராசரிப் பெண்ணே தனி மூலையில்தான் நிற்கிறார்.

நம் பெண்களின் உடலும் நம் கடைகளின் சார்ட்டும்

நம் நாட்டில் விற்கும் உடைகளுக்கு நம் நாட்டவரை அளந்து போட்ட பொதுவான சார்ட் நெடுங்காலம் இல்லவே இல்லை. வெளிநாட்டுச் சார்ட்டைச் சற்று மாற்றி ஒவ்வொரு கம்பெனியும் தன் சார்ட்டை வைத்திருக்கிறது. போதாததற்கு ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கும் நம் கடைகளுக்கு வருகிறது. அதில் எல் என்றால் அமெரிக்க எல். பக்கத்து ஹேங்கரில் தொங்கும் உள்நாட்டு எல் அதைவிடச் சிறியது. இரண்டையும் போட்டுப் பார்க்கும் பிள்ளை ஒன்றில் மெலிந்துவிட்டதாகவும் மற்றொன்றில் பெருத்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்வாள்.

இதைச் சரிசெய்ய மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டத்தை எடுத்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை, டேப் இல்லாமல், உடலைத் தொடாமல் ஸ்கேனர் மூலம் அளப்பது திட்டம். ஆனால் எந்தக் கம்பெனியும் கடைசிவரை தன் பழைய சார்ட்டையே வைத்துக்கொள்ளலாம் என்றால், இதனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது. பொறுத்திருந்து பார்ப்போம்.

அதுவரை நம்மிடம் இருக்கும் நல்ல கணக்கு தேசிய குடும்பநல ஆய்வு. 2019–21ல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25ஓ அதற்கு மேலோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதம்தான். பத்தில் நான்கு பெண்கள் ‘எங்ககிட்ட இல்லை’ என்ற பதிலைக் கேட்கும் அபாயத்தில் இருந்தால், அதைச் சிலருடைய குறை என்று எப்படிச் சொல்வது?

அதே ஆய்வு முதன்முறையாக இடையையும் இடுப்பையும் அளந்தது. டெய்லர்கள் வெய்ஸ்ட், ஹிப் என்று சொல்லும் இரண்டும்தான். இந்திய அளவில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வெய்ஸ்ட், ஹிப்பில் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தது. இப்போது வழக்கமான ஒரு சார்ட்டைப் பாருங்கள். ஹிப் 40 என்றால் வெய்ஸ்ட் 30 அல்லது 31 என்று இருக்கும். நம் பெண்ணுக்கு ஹிப் 40 இருந்தால் வெய்ஸ்ட் 34 அல்லது அதற்கு மேல். மூன்று, நான்கு அங்குலம் இடிக்கிறது. வயிற்றுப் பகுதியில் பிடிக்கிறதே என்று ஒரு சைஸ் கூட்டி எடுத்தால் தோள் தொங்குகிறது. ட்ரையல் ரூமில் நம் வீட்டுப் பெண்கள் படும் பாடு இந்த நான்கு அங்குலத்தில்தான் இருக்கிறது.

எடை கூடுவது ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நாம் சொல்லவில்லை. வெய்ஸ்ட் கூடினால் சர்க்கரை, இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு கூடும். அதை டாக்டர் சொல்லட்டும், தனியறையில், மருந்தோடும் மரியாதையோடும் சொல்லட்டும். துணி விற்பவருடைய வேலை இருக்கும் உடலுக்கு உடை தருவது. அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அன்னை ஸஃபிய்யா அவர்களின் உயரக் குறைவை ஒரு சைகையாகச் சுட்டியதற்கே நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது நம் ஜும்ஆக்களில் பலமுறை கேட்டதுதான். வீட்டில் நாம் பிள்ளைகளை ‘குண்டு’, ‘குச்சி’ என்று கூப்பிடும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை. மெலிந்த பிள்ளைகளுக்கும் இதே கஷ்டம்தான். கல்லூரிக்குப் போகும் பெண் சின்னப் பிள்ளைகள் பிரிவில் துணி எடுத்துவிட்டு அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாள்.

அபாயாவின் கதை தனி

அபாயா, புர்காவுக்கு எஸ், எம், எல் கிடையாது. 50, 52, 54, 56, 58, 60 என்று எண்கள். தோளிலிருந்து கீழ்விளிம்பு வரையுள்ள நீளம் எத்தனை அங்குலமோ அதுதான் எண். ஆண்களின் ஜுப்பாவும் பெரும்பாலும் இப்படித்தான். இதில் உயரம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. அகலத்தைத் தயாரிப்பவர் நீளத்தோடு சேர்த்துத் தாமே முடிவு செய்கிறார். உயரமானவர் எல்லாரும் அகலம், குட்டையானவர் எல்லாரும் ஒல்லி என்பது அதன் பொருள்.

ஐந்தடிக்குக் குறைவான, உடல்வாகு பெருத்த ஒரு சகோதரிக்கு 52 எடுத்தால் நெஞ்சில் பிடிக்கும். அகலத்துக்காக 58 எடுத்தால் ஆறு அங்குலத்தைக் கீழே வெட்ட வேண்டும். அத்தனை பணம் கொடுத்து வாங்கிய எம்பிராய்டரி ஓரத்தில்தானே இருக்கிறது, அது போய்விடும். கை விரலைத் தாண்டித் தொங்கும். அக்குள் வளைவு இறங்கிவிடும், கையைத் தூக்கினால் மொத்த உடையும் ஏறும்.

"கொஞ்சம் பிடிக்குதே" என்றால், "ஸ்ட்ரெச் துணிமா, போகப் போகச் சரியாகிடும்" என்று கடையில் சொல்லிக் கொடுத்தனுப்புகிறார்கள். தளர்வாக இருந்து உடலை மறைப்பதற்காகவே உடுத்தும் ஆடை, உடலோடு ஒட்டி நிற்கிறது. அந்தச் சகோதரி விரும்பி இறுக்கமாகப் போடவில்லை. அவருக்குரிய அளவு விற்கப்படவில்லை. பயானில் இறுக்கமான புர்காவைக் கண்டிக்கும் நம்மைப் போன்றவர்களும் இதை இதுவரை யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அபாயாக் கடைகள் பெரும்பாலும் நம் சமுதாயத்தவர் நடத்துபவை. ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு அகலம் வைக்க முடியாதா? முடியாவிட்டால், அகலமாக வாங்கி, விளிம்பு வேலைப்பாட்டைப் பிரித்தெடுத்து, நீளத்தைக் குறைத்து மறுபடி பொருத்தித் தரும் ஒரு டெய்லரைக் கடையோடு வைத்துக்கொள்ளலாமே. செலவு இல்லாத ஒன்றையும் சொல்கிறோம்: கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு சைஸையும் அதில் எழுதி வையுங்கள். அடுத்த கொள்முதலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.

வாங்கப் போகும் முன்

வாங்குபவர்களுக்கு டெய்லர் பாய் சொன்னதை அப்படியே தருகிறோம். வீட்டில் ஒரு டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இருபது முப்பது ரூபாய்தான். நெஞ்சு, வெய்ஸ்ட், ஹிப், தோள், கை நீளம், மொத்த உயரம் ஆகியவற்றை வீட்டுப் பெண்களே ஒருவருக்கொருவர் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ‘8–9 வயது’ என்று லேபிளில் இருப்பதை நம்ப வேண்டாம், வயதுக்கு அகலம் கிடையாது.

உடல் அளவு வேறு, உடையின் அளவு வேறு. நெஞ்சு 38 இருப்பவருக்குத் தளர்வான குர்தி என்றால் உடை 41, 42 இருக்க வேண்டும். சில கம்பெனிகள் லேபிளில் உடலின் அளவைப் போடுகின்றன, சில உடையின் அளவை. எது என்று கேளுங்கள். கேட்டும் தெரியவில்லை என்றால், நன்றாகப் பொருந்தும் பழைய உடை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது எஸ், எம் எழுத்தைப் பார்க்காமல் இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பாக்கெட்டில் அடைக்காமல் திறந்த நிலையில் விற்கும் உடையிலும் எஸ், எம், எல் என்ற எழுத்தோடு சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ அளவைக் குறிப்பிட வேண்டும் என்று 2022ல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. லேபிளில் அது இல்லையென்றால் கேட்பது உங்கள் உரிமை. 100 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 39 அங்குலத்துக்குச் சற்று மேல்.

இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள். பிடித்துத் தைக்கலாம், பிரித்துவிடுவது கஷ்டம். டெய்லர் தைத்த உடையில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருப்பார். ரெடிமேடில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது.

பொருந்தவில்லை என்றால், பிள்ளை காதுபட, "இந்தக் கம்பெனி சார்ட் சரியில்லை" என்று சொல்லுங்கள். அது பொய்யுமல்ல.

அந்த பிளஸ் ஒன் பிள்ளைக்குப் பெருநாள் உடை கடைசியில் தைக்கத்தான் பட்டது. ரமளான் பாதியிலேயே டெய்லர்கள் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். நாம் போய்ச் சிபாரிசு செய்து, டெய்லர் பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே துணியை வாங்கி வைத்தார். அளவு கொடுத்துவிட்டு வந்த மறுநாள் பிள்ளை ஸஹருக்கு எழுந்துவிட்டாள் என்று அந்தத் தாய் சொன்னார். கஞ்சி மட்டும் இன்னும் பிடிக்கவில்லையாம்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் மறுபடி போன் வந்தது. உடையின் ஒரு கை மற்றதைவிட அரை அங்குலம் நீளமாக இருக்கிறதாம். டெய்லர் பாயிடம் நாம்தான் சொல்ல வேண்டுமாம்.